ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வது?

கேள்வி: புது வேலையில் எட்டு வாரப் பயிற்சி என்று முன்பின் தெரியாத ஒரு சிறிய ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் போய்விட்டது. மாலை ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தால் அப்புறம் அறை, கட்டில், போன். ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லை. தூக்கமும் சரியில்லை. மீதி ஆறு வாரத்தை எப்படி ஓட்டுவது?

பதில்: "ஒவ்வோர் ஊரிலும் ஓர் அழகு உண்டு" என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. சில ஊர்களில் உண்மையிலேயே பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் உங்களுக்கு வழி தேட வேண்டியது மாலை ஐந்திலிருந்து பத்து வரையான ஐந்து மணி நேரத்துக்கு மட்டும்தான். சொந்த இடத்தில் அது தானாகவே கரைந்துவிடும். யாராவது கூப்பிடுவார்கள், ஏதாவது வேலை இருக்கும். இங்கே கூப்பிட ஆளில்லை.

வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாதது உங்கள் குறை என்று நினைக்க வேண்டாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோதி வில்சன் குழு 2014-ல் ஒரு சோதனை செய்தது. ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்காரவைத்தார்கள். கூட இருந்தது மின்அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்று மட்டும். அந்த அதிர்ச்சி வேண்டாம் என்பதற்காகக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பு சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாங்களாகவே அதை அழுத்திக்கொண்டார்கள். உங்கள் அறையில் அந்தப் பொத்தானின் இடத்தில் போன் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் விதி: வகுப்பு முடிந்ததும் நேரே அறைக்குப் போகாதீர்கள். காலணியைக் கழற்றிக் கட்டிலில் சாய்ந்துவிட்டால் அன்றைய நாள் அதோடு சரி. பிறகு எழுந்து வெளியே போக மலையைப் புரட்டும் பலம் வேண்டும்.

எங்கே போவது? இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தினமும் ஒரு புது இடம் தேடிப் போய், நாலே நாளில் ஊர் தீர்ந்துபோய், "இவ்வளவுதானா" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு, தினமும் போங்கள். நூலகமோ பூங்காவோ விளையாட்டு மைதானமோ, எதுவானாலும் சரி. நானும் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் ஒரு பூங்காவின் அதே பெஞ்சில் தினமும் மாலை உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சுப் பெரியவர் மூன்று வாரம் என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒருநாள் போக முடியவில்லை. மறுநாள், "நேற்று ஆளைக் காணோமே?" என்றார். அந்த ஊரில் எனக்கு முதன்முதலாக ஒருவர் இருந்தது அந்த நிமிடத்தில்தான்.

இது என் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1992-ல் மோர்லண்ட், பீச் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு பெண்களை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் 15 முறை, ஒருவர் 10, ஒருவர் 5, இன்னொருவர் ஒருமுறைகூடப் போகவில்லை. யாரும் யாரிடமும் பேசவில்லை. கடைசியில் மாணவர்களிடம் நால்வரின் படத்தையும் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரையே அதிகம் பிடித்திருந்தது.

சக பயிற்சியாளர்கள் விஷயத்தில் ஒரு கணக்கு. வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று 2018-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கண்டார். நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். ஒரே இடத்தில் வேலை பார்த்த நேரம் அதில் பெரிதாக உதவுவதில்லையாம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தது போதாது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒருவரோடு நடந்தால் ஆறு வாரத்தில் 45 மணி வந்துவிடும். உயிர்த்தோழன் கிடைக்காவிட்டாலும் பேச்சுத்துணை கிடைக்கும். நடக்கும்போது அன்றைய பாடத்தைக் குறிப்பேடு பார்க்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது. தேர்வுக்கும் ஆச்சு.

வார இறுதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குப் போகிறீர்களா, இருக்கிறீர்களா என்பதைப் புதன்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். சனிக்கிழமை காலை எழுந்து யோசித்தால் மத்தியானம் வரை யோசித்துக்கொண்டே இருப்பீர்கள்.

தூக்கம். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி முழுதாக ஆழ்ந்து தூங்குவதில்லை, காவல் காக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழகம் 2016-ல் காட்டியது. ஆனால் அது முதல் இரவுக் கதை. உங்களுக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது. எனவே இடத்தைவிட, மாலையில் போடும் குட்டித் தூக்கத்தையும் நள்ளிரவு போனையும்தான் சந்தேகப்படுவேன். வார இறுதியில் போய்விட்டுத் திரும்பும்போது வேறு அறை ஒதுக்கினால் மட்டும், பழைய அறையையே கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.