அந்த இருபது செகண்ட மட்டும் வெட்டி எடுத்தா

அண்ணே வணக்கம். பாட்டுல புல்லரிக்கிற இடம் வந்துச்சுன்னா அத மட்டும் கட் பண்ணி போன்ல சேத்து வச்சுக்குவேன், பஸ்ல போறப்ப ஒண்ணு பின்னால ஒண்ணா போட்டு கேப்பேன். இப்ப என்னடான்னா எதக் கேட்டாலும் ஒரு முடி கூட நிக்க மாட்டேங்குது. 'பாடறியேன் படிப்பறியேன்' கடைசில வர்ற 'மரி மரி நின்னே' கூட சும்மா வந்துட்டுப் போகுது. காது மரத்துப் போச்சாண்ணே? உங்களுக்குப் புல்லரிக்கிற இடம் எது?

(கரூர் வாசகர், பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கத்திரிதான் பிரச்சன.

நீங்க சொன்ன பாட்டையே எடுத்துக்குவோம், எனக்கும் மொத இடம் அதுதான். சிந்து பைரவி, 1985. பெரிய வித்வான் கச்சேரி பண்றார், பாட்டெல்லாம் தெலுங்கு, சுஹாசினி எந்திரிச்சு தமிழ்ல பாடக்கூடாதான்னு கேக்குறாங்க, நீயே பாடேன்னுடறார். சித்ரா குரல்ல ஒரு அலட்டலும் இல்லாம ஆரம்பிக்குது, நாமளும் இது ஏதோ கிராமத்துப் பாட்டுன்னு நம்பி தொடையில தாளம் போட ஆரம்பிச்சுடறோம், அப்புறம் பாத்தா எங்க தாண்டுனோம்னே தெரியாம தியாகராஜர் கீர்த்தனைக்குள்ள நிக்கிறோம். ராகம் மாறவே இல்லயே, அதான் விஷயம். அவ்வளவு நேரம் நாட்டுப்புறப் பாட்டுன்னு கேட்டுட்டு இருந்ததே சாரமதி ராகந்தான். 'மரி மரி நின்னே' வழக்கமா காம்போதி ராகத்துல பாடுற கீர்த்தனை, இளையராஜா அத இங்க சாரமதிக்குக் கொண்டாந்துட்டார். காம்போதிலயே விட்டிருந்தா நடுவுல ராகம் மாறி, 'இப்போது கர்நாடக சங்கீதம்'னு போர்டு மாட்டுன மாதிரி இருந்திருக்கும். (தமிழ்ல பாடுன்னு சண்டைக்கு வந்த பொண்ணு தெலுங்குல போய் முடிக்கலாமான்னு கேட்டா கேட்டுக்கட்டும், வைரமுத்து வரியில நடக்குற சண்டைய ராகம் அடியில சமாதானம் பண்ணி வச்சிருக்குன்னு எனக்குத் தோணும்.)

இப்ப நீங்க அந்த 'மரி மரி'ய மட்டும் வெட்டி எடுத்தா என்ன மிஞ்சும்? நல்லாப் பாடுன ஒரு கீர்த்தனைத் துண்டு, அவ்வளவுதான். நாம ஏமாந்த அந்த மூணு நாலு நிமிஷம் வெளிய போயிடுச்சுல்ல.

இத மாண்ட்ரியல்ல மெக்கில் யுனிவர்சிட்டிக்காரங்க 2011ல மூளைய ஸ்கேன் பண்ணியே காட்டுனாங்க. உச்சம் வர்றதுக்கு முன்னாடி, இதோ வரப்போகுதுன்னு காத்துட்டு இருக்கறப்பவே மூளையில ஒரு பக்கம் டோபமைன் சுரக்குது, உச்சம் வந்ததும் வேற பக்கம். நீங்க மொத பாதியத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவது பாதி ஏன் வேல செய்யலன்னு கேக்குறீங்க.

தளபதில (1991) 'ராக்கம்மா கையத் தட்டு' நடுவுல அப்பரோட 'குனித்த புருவமும்' வருதே, அதுவும் இதே கததான். ஆட்டமும் கூத்துமா போயிட்டு இருந்ததெல்லாம் அடங்கி ஸ்வர்ணலதா குரல் எழும்பறப்ப எனக்கு இன்னமும் கை முடி நிக்குது. முன்னாடி அந்த ஆட்டம் இல்லாம அது வெறும் அழகான தேவாரம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் இதுக்கு அடங்க மாட்டேங்குது. ராஜபார்வை (1981) 'அந்தி மழை பொழிகிறது' பாட்டுல டி.வி. கோபாலகிருஷ்ணன் ஆலாபனை வர்ற இடம், தனியாப் போட்டாலும் எனக்குப் பிடிச்சு உலுக்கும். மத்தத அழிச்சுட்டு முழுப்பாட்டா ஏத்திக்கோங்க, இத மட்டும் வேணா துண்டாவே வச்சுக்கோங்க.