பனியாற்றுக்குள் ஓர் ஆழ்துளைக் குழாய்

"வெயில் நாடுகளிலும் பனியாறு உண்டாமே, அது சுருங்குவதை எப்படி ஆராய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடிப் பக்கம், புவியியல் முதுகலை படிக்கிறேன். போன பருவத்தில் எனக்கும் இதே சந்தேகம்தான்.

உண்டு. உயர்ந்த மலைகளில் பனி இறுகிக் கட்டியாகி மெல்ல நகர்வதுதான் பனியாறு. வெயில் நாடுகளில் பெரும்பகுதி தென் அமெரிக்காவில், பெருவின் ஆண்டிஸ் மலையில். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையிலும் இந்தோனேசியாவின் பப்புவாவிலும் கொஞ்சம். பரப்பைப் பழைய வரைபடங்களோடும் செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்பிடுவார்கள். தடிமன் குறைவதை அறிய, பனியில் துளை போட்டுக் குழாய் இறக்குவார்கள். பனி கரையக் கரையக் குழாய் வெளியே தெரியும். பப்புவாவில் 2010-ல் குழாய்களைக் கயிற்றில் கோத்து இறக்கினார்கள். 2015 நவம்பரில் பார்த்தால் சுமார் 5 மீட்டர் வெளியே நின்றது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அப்படித் துளை போட்டு உருளையாக வெட்டி எடுக்கும் பனித்தண்டுதான். எங்கள் வயலில் போர் போட்டபோது தாத்தா மண்ணைப் பத்தடிக்கு ஒரு கூறாக வரப்பில் வரிசையாகக் குவித்து வைத்தார். முதலில் வண்டல், அப்புறம் கறுப்புக் களி, அதன் கீழே வெள்ளை மணல். மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, "இங்க ஒரு காலத்துல ஆறு ஓடியிருக்குடா" என்றார்.

பனித்தண்டைப் படிப்பதும் அதேதான். பெருவின் கெல்காயா பனிமுகட்டில் வறண்ட பருவத்தில் புழுதி படிந்து கறுப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கோடு ஓர் ஆண்டு. இடைவெளி அகலமாக இருந்தால் அந்த ஆண்டு பனி நிறைய விழுந்திருக்கிறது. ஆக்சிஜனின் கனமான, லேசான வகைகளின் விகிதம் அன்றைய தட்பவெப்பத்தைச் சொல்லும். 1983-ல் அமெரிக்கப் பனியாற்று ஆய்வாளர் லோனி தாம்சனின் குழு சூரிய மின்சாரத்தில் ஓடும் துளைக்கருவியால் அங்கே சுமார் 1,500 ஆண்டுப் பனியை எடுத்தது. உறைந்தபடி கீழே கொண்டுவர வழியில்லை. துண்டு துண்டாக நறுக்கி, உருக்கி, பாட்டில்களில் கொண்டுவந்தார்கள்.

1991-ல் திரும்பப் போனபோது, மேலே உருகிய நீர் உள்ளே இறங்கி மேலடுக்குகளின் ஆண்டுக் குறிகளைக் கலைத்துவிட்டிருந்தது. கஜா புயலில் ஓடு பறந்து, தாத்தாவின் நெல் கணக்கு நோட்டு நனைந்தது. தாள் இருந்தது, மை ஊறி எந்த வருடத்துக் கணக்கென்றே தெரியவில்லை. கெல்காயாவில் நடந்ததைப் படித்ததும் அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. பனி முழுதாகக் கரைவதற்கு முன்பே அதிலுள்ள கணக்கு அழிந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் அவசரப்படுவது இதனால்தான்.

2003-ல் கெல்காயாவில் மறுபடி துளை போட்டார்கள். இம்முறை தண்டுகள் உறைந்தபடியே அமெரிக்காவின் ஓஹியோவில் உள்ள குளிர்கிடங்குக்கு வந்து சேர்ந்தன.