பலகையில் ஏறிய பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் இரவு ஷிஃப்டில் டீம் லீடராக இருக்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகள் அனுப்பிய கிளைம்களை அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் நிராகரித்திருந்தால், தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டு, திருத்தி அனுப்பி, பணம் வரும்வரை பின்தொடர்வது எங்கள் வேலை. என் குழுவில் 18 பேர்.

நான்கு மாதங்களுக்கு முன் நிர்வாகம் ‘கேமிஃபிகேஷன்’ கொண்டுவந்தது. முடிக்கும் ஒவ்வொரு கிளைமுக்கும் ஒரு புள்ளி, நூறு புள்ளிக்கு ஒரு பேட்ஜ், கூடத்தின் நடுவே பெரிய திரையில் எல்லோருடைய பெயரும் வரிசைப்படி. முதல் இரண்டு வாரம் திருவிழா போல இருந்தது. பிறகு அதே நான்கு பேர்தான் மேலே இருந்தார்கள். மற்றவர்கள் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சுலபமாக முடியும் கிளைம்களை ஆளுக்கு முந்தி எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கலான பழைய கிளைம்கள் கெடு தாண்டி வீணாகின்றன. எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். எங்களில் பாதிப்பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். யார் திணறினாலும் தன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்வார். இப்போது அவர் பெயர் திரையில் கடைசி ஐந்துக்குள் இருக்கிறது. அவர் எழுந்து வருவதும் நின்றுவிட்டது.

இதை மாற்றியமைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வேலையை விளையாட்டாக்க நினைத்ததே தவறா, அல்லது நாங்கள் செய்த முறைதான் தவறா?

ம., கோச்சடை

அன்புள்ள ம.,

வேலைக்குள் விளையாட்டைக் கொண்டுவருவதில் தவறில்லை. கைவேலை செய்கிறவர்கள் காலங்காலமாக அதைச் செய்துதான் அலுப்பைக் கடந்திருக்கிறார்கள். அந்த விளையாட்டு யாருடையது, அதன் கணக்கு யார் பார்ப்பதற்காக எழுதப்படுகிறது என்ற இடத்தில்தான் உங்கள் அலுவலகம் தடுமாறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் சிறுவயதில் நாங்கள் வில்லாபுரத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் வளவுப் பெண்கள் நடையில் வரிசையாக உட்கார்ந்து ஒரு வியாபாரிக்காக மல்லிகை கட்டுவார்கள். ஈரச்சாக்கின் மேல் மொட்டுக் குவியல், பக்கத்தில் தண்ணீரில் ஊறும் வாழைநார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, மேலே நாரைச் சுற்றி ஓர் இழுப்பு. அது ஒரு கண்ணி. மாலையில் மொட்டு வாய் திறந்துவிடும் என்பதால் அதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தை அவர்களே பந்தயமாக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஒரே நேரத்தில் நாரை எடுப்பார்கள். முழம் போட்டுப் பார்த்துத் தோற்றவர் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். அவர்களில் மிக வேகமானவர் நாங்கள் பெரியம்மா என்று கூப்பிட்ட ஒரு மூதாட்டி. புதிதாகக் கட்டப் பழகும் பெண்களோடு பந்தயம் போட்டால், அவர்கள் பத்துக் கண்ணி போட்டு முடிக்கும்வரை இவர் மொட்டைத் தொடமாட்டார். அதனால் அவரிடம் தோற்றவளும் மறுநாள் அவர் எதிரிலேயே வந்து உட்கார்வாள்.

ஒருநாள் வியாபாரியின் ஆள் வந்து பந்தயத்தைப் பார்த்துவிட்டார். மறுவாரம் நடைச் சுவரில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. அன்றாடம் யார் எத்தனை முழம் என்று அதில் எழுதினார்கள். வாரக் கடைசியில் முதலாவதாக வந்தவருக்குத் தனியாகப் பணம். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி கூடியது, ஏனென்றால் முழம்தான் கணக்கில் வந்ததே தவிர நெருக்கம் வரவில்லை. இழுப்புத் தளர்ந்து, கடைக்குப் போவதற்குள் பூ உதிர்ந்தது. பெரியம்மா பத்துக் கண்ணி விட்டுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். டீ வாங்கப் போவதும் நின்றது. உங்கள் அக்காவைப் பற்றி எழுதிய வரிகளைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பந்தயத்தில் நல்ல விளையாட்டுக்கு வேண்டிய எல்லாமே இருந்தன. இலக்கு கண்ணெதிரே இருந்தது; ஒவ்வொரு கண்ணியிலும் தான் எங்கே நிற்கிறோம் என்று ஆடுகிறவருக்கே தெரிந்தது; ஆளின் திறமைக்கேற்ப எதிராளியின் கடுமை மாறியது; தோற்றால் ஒரு டீயோடு போயிற்று; தலைவலி என்றால் அன்றைக்கு ஆடாமலே இருக்கலாம். வீடியோ கேம் வடிவமைப்பவர்கள் மெனக்கெடுவதும் இவற்றுக்காகத்தான். அவர்களுடைய ஆட்டத்தில் ஒருவன் ஒரே கட்டத்தில் முப்பது தடவை செத்தாலும் அடுத்த நொடியே எழுந்து ஓடுகிறான். அந்தத் தோல்வி எங்கும் பதிவாகி அவன் சம்பளத்தை எட்டுவதில்லை. புள்ளியும் பேட்ஜும் பெயர்வரிசையும் விளையாட்டின் மேல்தோல் மட்டுமே. உங்கள் நிர்வாகம் தோலை உரித்து எடுத்துவந்து அப்ரைசல் கோப்பின் மேல் போர்த்தியிருக்கிறது. திரையில் ஒருவர் பதினைந்தாம் இடத்தில் இருந்தால், அது இன்கிரிமென்ட்டைத் தீர்மானிப்பவரின் கண்ணிலும் படுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் யாரும் துணிந்து சிக்கலான கிளைமைத் தொடமாட்டார்கள்.

இது மதுரைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. கலிஃபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்ட் விடுதிகளின் சலவைக் கூடத்தில் தொழிலாளர்களின் பெயரையும் வேகத்தையும் இலக்கோடு ஒப்பிட்டு எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரைகளில் காட்டியதை 2011இல் அங்குள்ள செய்தித்தாள் எழுதியது. தொழிலாளர்கள் அந்தத் திரைக்கு வைத்த பெயர் ‘மின்னணுச் சாட்டை’. பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் கழிப்பறைக்குப் போவதைக்கூடச் சிலர் தள்ளிப்போட்டார்கள்.

பரிசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சில குழந்தைகளிடம் வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்குச் சொல்லாமல் வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் தரவில்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் பார்த்தபோது, முன்பே வாக்களிக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. உங்கள் அக்கா இத்தனை நாள் எதற்காக எழுந்து வந்தாரோ, அதற்கு ஒரு விலைப்பட்டியல் ஒட்டி, அந்தப் பட்டியலில் ‘பூஜ்யம்’ என்று எழுதிவிட்டீர்கள். இதைப் படித்துவிட்டு, உதவி செய்வதற்கும் புள்ளி கொடுத்துவிடலாம் என்று தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். அடுத்த மாதமே புள்ளிக்காக உதவி கேட்பதும் புள்ளிக்காக உதவுவதும் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தை அவருடைய டார்கெட்டிலிருந்து கழித்துவிடுங்கள். அது போதும்.

தொழிலாளர்கள் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் ஆட்டம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவரவில்லை. மைக்கேல் புராவோய் என்ற சமூகவியலாளர் 1970களின் நடுவில் சிகாகோ பகுதியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தானே தொழிலாளியாகச் சேர்ந்து வேலை பார்த்தார். அங்கே ஒவ்வொரு துண்டு வேலைக்கும் நிர்ணயித்த அளவை மிஞ்சிக் காட்டுவதையே கடைசல்காரர்கள் ஓர் ஆட்டமாக ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் சுவாரசியத்திலேயே உழைப்பை முழுமனதோடு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள் என்பது அவருடைய வாதம். அதே தொழிலாளர்கள் இன்னொன்றிலும் உறுதியாக இருந்தார்கள்: எவ்வளவு முடிந்தாலும் 140 சதவீதத்துக்கு மேல் கணக்குக் காட்டமாட்டார்கள். காட்டினால் நிர்வாகம் அளவையே உயர்த்திவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் குழுவினருக்கும் அது தெரியும். எந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தாலும், அதில் தெரியும் வேகத்தை வைத்து டார்கெட்டைக் கூட்டமாட்டோம் என்ற உறுதிமொழியை நிர்வாகத்திடம் முதலில் எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆட்டமே வேண்டாமென்று சொல்லிவிடுவது உங்கள் குழுவுக்கு நீங்கள் செய்யும் நன்மை.

உறுதிமொழி கிடைத்தால் என்ன செய்யலாம் என்று யோசித்தபோது ஆடுபுலி ஆட்டம்தான் மனத்தில் வந்தது. நம் ஊர்ப்பக்கத்துக் கோயில் மண்டபங்களின் தரைக்கல்லில் அந்தக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். கீழடியில் தாயக்கட்டைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. இந்த மண்ணில் ஆட்டத்துக்கு அத்தனை வயது. ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. தனியாக நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். பின்னால் இன்னோர் ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. புலி நகர வழியில்லாமல் அடைத்துவிட்டால் ஆடு வென்றது. எந்த ஆடு அதிகம் வேலை செய்தது என்று அங்கே கணக்கில்லை.

திரையிலிருந்து பெயர்களை எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைப் பலகையில் இந்தக் கோடுகளை வரையுங்கள். உங்கள் குழுவை அதிகம் அலைக்கழிக்கும் மூன்று கிளைம் குவியல்களை மூன்று புலிகளாக வையுங்கள். கெடு நெருங்கும் கிளைம்கள் கண்டிப்பாக அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் கிளைம் என்றால் சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஓராண்டு, சில தனியார் காப்பீடுகளில் 90 நாள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு குவியலில் குறிப்பிட்ட பகுதி தீர்ந்ததும் புலிக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டை வைக்கலாம். இரண்டு வாரம் கவனிக்காமல் விட்ட குவியலின் புலி ஓர் ஆட்டை வெட்டும். மாத முடிவுக்குள் மூன்றையும் அடைப்பது குழு முழுவதற்குமான ஆட்டம். சுலபமான கிளைம்களை அள்ளிக்கொள்வதால் இதில் எந்தப் புலியும் அடைபடாது என்பதால் அந்தப் பழக்கம் தானே விலகும் என்று எதிர்பார்க்கிறேன்.

தனியாள் எண்ணிக்கை வேண்டுமென்று விரும்புகிறவர்கள் இருப்பார்கள்; அந்த நான்கு பேரில் ஒருவருக்கேனும் அந்த வேகம் உண்மையான சந்தோஷமாக இருக்கலாம். அதைப் பறிக்க வேண்டாம். அவரவர் எண்ணிக்கை அவரவர் கணினியில் மட்டும், போன வாரத்து எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தெரியட்டும். சேர விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள். விற்பனைப் பிரதிநிதிகளை வைத்து ஈதன் மாலிக், நான்சி ராத்பார்ட் என்ற இருவர் செய்த ஆய்வில், அலுவலக ஆட்டத்தை மனமொப்பி ஏற்றவர்களுக்கு வேலையில் உற்சாகம் கூடியது. ஒப்பாமல் ஆடவைக்கப்பட்டவர்களுக்கு இருந்த உற்சாகமும் குறைந்தது.

இந்தத் திட்டத்தை மேலாளரிடம் கொண்டுபோவதற்கு முன், ஒருநாள் இரவு இடைவேளையில் உங்கள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த மூன்று குவியல்கள் புலிகள் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கும்.

அன்புடன்.