பவர்ஃபுல் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் ஸ்லைடைக் கையால் இழுக்க முடியவில்லை. எளிதாக்க வழி உண்டா? ஸ்பிரிங்கை மாற்றலாமா?

வழி உண்டு. ஸ்பிரிங்கை மட்டும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், சட்டப்படி வாங்கிய துப்பாக்கி, .45 அல்லது 10 மி.மீ. தோட்டா, ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி, பாதி தூரம் வந்து அதற்கு மேல் அசைய மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விலையும் கொடுத்தாகிவிட்டது, திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை என்று நினைக்கிறேன். அந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு கட்டைவிரலின் அடிமூட்டும் தேய்ந்துபோயிருக்கிறது, பூட்டில் சாவியைத் திருப்பினாலே வலிக்கும். நான் சுடுவது 5 அங்குலக் குழல் உள்ள .45 காலிபர் 1911 மாடல் பிஸ்டல். ஒவ்வொரு முறையும் ஸ்லைடை நானேதான் இழுக்கிறேன், யாரையும் கூப்பிடுவதில்லை.

இதை வாங்கப் போன கடையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்டது நான். விற்பனையாளர் பதில் சொன்னது என் வீட்டுக்காரரிடம். "மேடத்துக்கு இதெல்லாம் சரிப்படாது சார், குட்டியா ஒரு .380 வாங்கிக் குடுங்க" என்று சொல்லி, .45-ஐவிடச் சின்னத் தோட்டா போடும், உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்டீல் பிஸ்டலை எடுத்து வைத்தார். அதன் ஸ்லைடை என்னால் அரை அங்குலம் கூட நகர்த்த முடியவில்லை. உடனே, "அப்ப ரிவால்வர்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் சங்கடப்பட்டு "வாம்மா, போயிடலாம்" என்றார். நான் அந்தப் பெரிய 1911-ஐக் கேட்டு வாங்கி இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கு முழுசாக வரவில்லை, ஆனால் அந்தக் குட்டியைவிட அதிகமாகவே வந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பெண்கள், வயதானவர்கள், கை பலம் குறைந்தவர்கள் எல்லோர் தலையிலும் இந்தக் குட்டித் துப்பாக்கியைக் கட்டிவிடுகிறார்கள். அது ஏன் தப்பு என்று புரிந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

ஸ்லைடு கனமாக இருப்பதற்குத் தோட்டாவின் பலம் மட்டும் காரணமில்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட இந்த மாடலில், சுட்ட நொடியில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் வரும். அழுத்தம் தணிந்த பிறகுதான் குழலின் பின்பக்கம் கீழே இறங்கி ஸ்லைடை விடுவிக்கும். வெடிப்பின் வேகத்தைத் தாங்குவது அந்தப் பூட்டு என்பதால் ஸ்பிரிங் அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்க வேண்டியதில்லை. 5 அங்குல .45-இல், பின்னால் வரும் ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் வழக்கமாக 16 பவுண்டு. அதே 1911-ஐ மூன்றரை அங்குலக் குழலுக்குச் சுருக்கினால், ஸ்லைடு எடை குறைந்து ஓடும் தூரமும் குறைவதால், ஸ்பிரிங் 20 பவுண்டுக்கு மேல் போய்விடும். சின்ன .380-களில் பலவற்றுக்கு இந்தப் பூட்டே கிடையாது. 1931-இல் வந்த வால்தர் பிபிகே அந்த வகை, இதை புளோபேக் என்பார்கள். அதில் வெடிப்பைத் தடுத்து நிறுத்துவது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். ஸ்லைடோ சின்னது. அதனால் மிச்ச வேலை முழுவதும் ஸ்பிரிங் தலையில் விழுகிறது. அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து, விரல் பிடிக்கக்கூட இடமில்லாத ஒரு ஸ்லைடை நீங்கள் இழுக்க வேண்டும். கை பலவீனமானவருக்கு இதைக் கொடுப்பது எந்த நியாயம்?

சரி, இழுக்கும் விதத்துக்கு வருகிறேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றச் சொல்லி, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணால் பார்க்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார்.

பெரும்பாலானவர்கள் துப்பாக்கியை முன்னால் நீட்டிப் பிடித்து, ஸ்லைடின் பின்பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளி இழுக்கிறார்கள். இரண்டு விரலின் பலம் எத்தனை நேரம் வரும்? அதை விட்டுவிடுங்கள். வலது கையில் துப்பாக்கியை நெஞ்சுக்குக் கீழே, உடம்புக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். குழல் முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், விரல் டிரிகருக்கு வெளியே. இடது கையை ஸ்லைடின் மேலே கவிழ்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை ஒரு பக்கமும் நான்கு விரல் நுனிகளை மறு பக்கமும் வையுங்கள். கட்டைவிரல் உங்கள் நெஞ்சைப் பார்த்து சும்மா இருக்கட்டும், அதற்கு இதில் வேலையே இல்லை. இனி இடது கையை இழுக்காதீர்கள். அது ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்கட்டும். வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள், தோளிலிருந்து, ஒரே உந்தாக. அம்மியில் குழவியைத் தள்ளும்போது மணிக்கட்டா வேலை செய்கிறது? இடுப்பிலிருந்து உடம்பே சாய்ந்து தள்ளும். இதுவும் அப்படித்தான். ஸ்லைடு கடைசி வரை வந்ததும் இடது கையைப் படக்கென்று விட்டுவிடுங்கள். கையோடு பிடித்து மெதுவாக முன்னால் கொண்டுவந்து விட்டால் ஸ்லைடு முழுசாக மூடாது, தோட்டா பாதியில் சிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. உடம்பைத் திருப்பி நின்றுகொள்ளலாம், துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. வசதிக்காக அதை இடது பக்கம் சாய்க்கிறவர்கள் சுடும் ரேஞ்சில் பக்கத்து லேனில் நிற்பவரைக் குறி வைக்கிறார்கள். இன்னொன்று, கவிழ்த்த கை தோட்டாக்கூடு வெளியேறும் திறப்பை மூடக் கூடாது, அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். சேம்பரில் இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்கும்போது கையால் அந்தத் திறப்பைப் பொத்திக்கொண்டு, அது உள்ளே உலோகத்தில் மோதி வெடித்து உள்ளங்கை கிழிந்த விபத்துகள் நடந்திருக்கின்றன.

அடுத்தது ஹேமர், பிஸ்டலின் பின்னால் இருக்கும் சுத்தியல். எனக்குப் பெரிய வித்தியாசம் தந்தது இதுதான், இதை ஏன் எந்தக் கடையிலும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. வெளியே ஹேமர் இருக்கும் பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் வரும்போது இரண்டு ஸ்பிரிங்குகளோடு மல்லுக்கட்டுகிறது. ஒன்று ரீகாயில் ஸ்பிரிங், மற்றது ஹேமரை முன்னால் தள்ளும் மெயின்ஸ்பிரிங். 1911-இல் அந்த மெயின்ஸ்பிரிங் வழக்கமாக 23 பவுண்டு. ஸ்லைடு கிளம்பும் இடத்தில், முதல் கால் அங்குலத்திலேயே இந்தச் சண்டை நடக்கிறது. பலர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஆகவே சேம்பர் காலி என்று பார்த்துவிட்டு, மேகசின் போடுவதற்கு முன்பே ஹேமரைப் பின்னால் சாய்த்துவிடுங்கள். என்னைப் போல கட்டைவிரல் வராதவர்கள் இடது உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்திச் சாய்க்கலாம். பிறகு மேகசினைப் போட்டு ஸ்லைடை இழுத்தால் ரீகாயில் ஸ்பிரிங் மட்டும்தான் எதிரே நிற்கும். 1911-இல் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு நகரவே நகராது, அதை எடுத்துவிட்டு இழுங்கள். க்ளாக் 20 மாதிரி ஹேமரே இல்லாதவற்றில் இந்த உபாயம் செல்லாது. அங்கே கவிழ்த்த கையும் தோளும்தான் துணை.

கட்டைவிரலைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மூட்டு வலிக்கு நான் சாப்பிடும் மாத்திரை, அழுத்தித் திருகினால்தான் திறக்கும் டப்பாவில் வருகிறது. குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்று 1970-இல் போட்ட சட்டம், நல்ல சட்டம். நோயாளி கேட்டால் சாதாரண மூடி போட்டுக் கொடுக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் போகும் மருந்துக் கடையில் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். தலையாட்டிவிட்டு அதே மூடியோடு கொடுக்கிறார்கள். மூட்டு தேய்ந்தவளுக்கு மூட்டு வலி மாத்திரையைத் திறக்க முடியாத டப்பாவில் கொடுப்பது என்ன வைத்தியம்? .45 பிஸ்டலை எடுத்து வைத்துக்கொண்டு சுடுகிற நான் மாத்திரை டப்பாவைத் திறக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கோபம் வருமா வராதா?

இன்னும் வாங்கவில்லை என்றால் கேளுங்கள். கை பலம் குறைந்தவர்களுக்கென்றே ஸ்லைடை இலகுவாக்கிச் செய்தவை இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஇஸட் 2018-இல் .380-இல் வந்தது, 2020-இல் 9 மி.மீ.யிலும் வந்தது. உள்ளே ஹேமர் வைத்து, ரீகாயில் ஸ்பிரிங்கை இலகுவாக்கியிருக்கிறார்கள். பெரெட்டாவின் டாம்கேட் போன்ற குட்டிகளில் குழலின் பின்முனையே மேலே நிமிர்ந்து திறக்கும், தோட்டாவை நேரே குழலில் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டது பவர்ஃபுல் பிஸ்டல். அதற்கு என் பதில், முழு அளவு 1911 அல்லது அதே உடலில் 9 மி.மீ. அந்த 9 மி.மீ. மாடல்களில் ரீகாயில் ஸ்பிரிங் 12 முதல் 14 பவுண்டுதான். ஸ்லைடின் மேல், சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட் சைட் மாட்டியிருந்தால் அதன் பின்னால் உள்ளங்கையை வைத்தும் தள்ளலாம். வேகப் போட்டிகளில் சுடுகிறவர்கள் ஸ்லைடில் ஒரு கைப்பிடியே பொருத்திக்கொள்கிறார்கள், அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை.

"வயசான காலத்தில் உனக்கெதுக்குத் துப்பாக்கி" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு, துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டித்தான் இருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று ஆகிவிட்டது. இருந்தும் நான் தேர்வு எழுதி, சுட்டுக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்கினேன். 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 குண்டுகள், 250-க்கு 175 எடுத்தால் பாஸ். இந்த 1911-லேயே எடுத்தேன், நல்ல மார்க். இன்னொன்று, ஹெச்1பி போன்ற விசாவில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற ஒருசில விலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. வக்கீலைக் கேட்காமல் ரேஞ்சில் கூடக் கையில் எடுக்காதீர்கள்.

இப்போது ஸ்பிரிங். ரீகாயில் ஸ்பிரிங் இருப்பது உங்கள் கையைச் சோதிக்க அல்ல. சுட்டதும் பின்னால் பாயும் ஸ்லைடை அடக்குவதும், திரும்ப முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி மூடுவதும் அதன் வேலை. இலகுவான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு வீரியமான தோட்டாவைச் சுட்டால் ஸ்லைடு ஃபிரேமில், அதாவது துப்பாக்கியின் அடி உடலில், போய் மோதிக்கொண்டே இருக்கும், மூடும்போதும் பலம் போதாது. 10 மி.மீ.யில் இது இன்னும் மோசம். அதைச் சுடுகிறவர்கள் பலர் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கடினமானதைப் போடுகிறார்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 1911-இல் முதலில் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஸ்லைடின் பின்பக்கம், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கிறது. அதன் அடி விளிம்புதான் ஹேமரைத் தள்ளிச் சாய்க்கிறது. விளிம்பு நன்றாக உருட்டி விட்டிருந்தால் ஹேமர் இலகுவாகச் சாயும், சதுரமாக இருந்தால் முரண்டு பிடிக்கும். பின்னுதைப்பைக் குறைக்க வேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே சதுரத் தகடு போடுவார்கள். பழைய துப்பாக்கி வாங்கியிருந்தால் முந்தைய சொந்தக்காரர் அப்படி மாற்றியிருக்கலாம். துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் காட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். 23 பவுண்டு மெயின்ஸ்பிரிங்கை 19 பவுண்டுக்கு இறக்குவதும் வழக்கத்தில் இருப்பதுதான். இறக்கிய பிறகு நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாக்களையே போட்டு, ஹேமர் ஒவ்வொன்றையும் வெடிக்க வைக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் பழைய ஸ்பிரிங்கையே போட்டுவிடுங்கள்.

மாடல் என்ன, குழல் எத்தனை அங்குலம், ஹேமர் வெளியே தெரிகிறதா என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். 1911 வகை என்றால் நானே பதில் சொல்கிறேன்.