நேரலை நடுவில் நிற்கும் டிவி: தமிழக-கேரள எல்லையோர வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

கம்பம்: படம் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. கிரிக்கெட் நேரலை வைத்தால் மட்டும் வட்டம் சுற்றுகிறது. டிவியை மாற்றிவிடலாமா அண்ணா?

காசு கூடுதலாக இருந்தால் மாற்றுங்கள், வட்டம் புது டிவியிலும் சுற்றும். படம் என்பது முழுதாக சர்வரில் இருக்கும் சரக்கு. டிவி அதில் கொஞ்சத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் லைன் பத்து நொடி படுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. நேரலையில் அந்த வசதி இல்லை. இன்னும் வீசாத பந்தை எப்படி இறக்கி வைப்பது? ஆட்டத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று துண்டு தாமதமானால் போதும், படம் நின்றுவிடும்.

ஆகவே இங்கே வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். எச்டி தரத்துக்கு 5 முதல் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற இணைய வேக அளவு) விடாமல் வந்தால் தாராளம். 100 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் நின்று நின்று வருகிறது என்றால் கோளாறு எங்கே என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதே ஆட்டத்தை ஒரு போனில் வீட்டு வைஃபையிலும் இன்னொரு போனில் சிம் டேட்டாவிலும் ஓட விடுங்கள். இரண்டும் நின்றால் அனுப்புகிற இடத்தில் நெரிசலாக இருக்கலாம். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் நீங்கள் ரிமோட்டைத் தட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. வைஃபை போன் மட்டும் நின்றால் லைன் அல்லது ரூட்டர். இரண்டு போனும் ஓடி டிவி மட்டும் நின்றால், டிவி அல்லது அது இருக்கும் இடம். இந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் கேட்டால் பாதிக் கேள்விகள் வரவே வராது.

வண்டிப்பெரியாறு: எங்களுடையது எஸ்டேட் லயத்து வீடு. ரூட்டர் பக்கத்து வீட்டில், அண்ணனிடம் இருக்கிறது. 5ஜி என்று முடியும் வைஃபை பெயர் போனில் தெரிகிறது, டிவியில் தெரியவில்லை.

அது போன் கம்பெனிகள் விற்கும் 5ஜி அல்ல, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. விலை குறைந்த டிவிகள் பலவற்றில் 2.4 மட்டுமே உண்டு. தெரிந்தாலும் உங்களுக்குப் பயன் குறைவு தம்பி. 5 வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் வரிசையாக வீடுகள் உள்ள லயத்தில் எல்லார் ரூட்டரும் அதே அலைவரிசையில்தான் கத்திக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்பில் சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 1, 6, 11 ஆகிய மூன்றில் எது காலியோ அதில் வையுங்கள். இவை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை.

உண்மையான மருந்து லேன் கேபிள். 100 மீட்டர் வரை இழுக்கலாம். பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் அளவுதான், நேரலைக்கு அதுவே மிச்சம். முழுச் செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடுக்கிப் பக்கம் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஓடும் செம்புக் கம்பி வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரும். வானம் இருட்டினால் கரண்ட் பிளக்கோடு லேன் கேபிளையும் இரு முனையிலும் பிடுங்கிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: மின்சாரம் போய் வந்ததிலிருந்து எந்த ஆப்பும் திறக்கவில்லை. வைஃபை முழுதாகக் காட்டுகிறது.

டிவியின் தேதியைப் பாருங்கள். சில டிவிகள் மின்சாரம் போனால் கடிகாரத்தைத் தொலைத்துவிட்டுப் பழைய ஆண்டுக்குப் போய்விடும். சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறினால் சான்றிதழ் செல்லாது என்று டிவி கதவைச் சாத்திவிடும். தேதி சரியாக இருந்தும் பழைய டிவி அடம்பிடித்தால், அதற்குள் இருக்கும் மூலச் சான்றிதழே (மற்றச் சான்றிதழ்களைச் சரிபார்க்க டிவி நம்பியிருப்பது) காலாவதியாகியிருக்கலாம். பல தளங்கள் நம்பியிருந்த அப்படி ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தபோது, அப்டேட் கிடைக்காத பழைய கருவிகள் பல திணறின. அந்த நிலையில் டிவியைத் திரையாக மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஸ்டிக் (டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி ஆப்களை ஓட்டும் சிறு கருவி) வாங்கிச் செருகுவதே சிக்கனம்.

மறையூர்: ஸ்டிக் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது.

அதற்கு மின்சாரம் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து போகிறதா? சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 0.5 ஆம்பியர். பல ஸ்டிக்குகளுக்கு 1 ஆம்பியர் வேண்டும். பெட்டியில் வந்த அடாப்டரைத் தேடி எடுத்துச் சுவரில் செருகுங்கள்.

செங்கோட்டை: பக்கத்து வீட்டில் சிக்ஸர் என்று கத்திய பிறகு அரை நிமிடம் கழித்துத்தான் எங்களுக்குப் பந்தே வீசுகிறார்கள்.

அவர்கள் டிஷ் அல்லது கேபிள் வைத்திருப்பார்கள். நறுக்கி, அனுப்பி, சேர்த்துக் காட்டுவதால் இணைய நேரலை 20 முதல் 40 நொடி பின்தங்குவது இயல்பு. இதை எந்த செட்டிங்கும் போக்காது. நடுவில் நிறுத்தி வைத்திருந்தால் மட்டும் 'லைவ்' பொத்தானை அழுத்தி முன்னுக்கு வாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் வையுங்கள். தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஆட்டங்களைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஐபிஎல்லை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

குமுளி: மகரஜோதி பார்க்க உட்கார்ந்த நேரத்தில் மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னியது. அலமாரியை நகர்த்தியதும் சரியானது. இப்போது மறுபடியும் வருகிறது சார்.

'லாஸ்' சிவந்தால் லைனில் ஒளி வரவில்லை என்று பொருள். விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அலமாரிக்குப் பின்னால் ஃபைபர் மடங்கி நசுங்குகிறது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. சுருக்கென்று வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆணியில் சுற்றாமல் அகன்ற வளையமாக விடுங்கள். முனையைக் கழற்றி ஊத வேண்டாம், கண்ணருகே வைத்துப் பார்க்கவே வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். லைன்மேன் வந்தால், வந்துசேரும் ஒளியின் அளவை (டிபிஎம்) மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டிப் போனால் லைனில் வேலை இருக்கிறது. "மோடத்தை ஆஃப் செய்து போடுங்கள்" என்ற பதிலோடு அவரை அனுப்பிவிடாதீர்கள்.

பாறசாலை: தமிழ் வர்ணனை வேண்டும், மலையாளம் வருகிறது. எல்லையில் இருப்பதாலா?

இல்லை அக்கா. ஆட்டம் ஓடும்போது மொழிப் பட்டியலைத் திறந்து தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

போடி: எல்லாவற்றுக்கும் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புது டிவி போல ஆக்குவது) செய் என்கிறான் மகன். செய்யலாமா?

கடைசியில். ரிமோட்டில் அணைப்பது டிவியைத் தூங்கவைப்பது மட்டுமே. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகு சிக்கல் தரும் ஆப்பின் கேஷை (அது சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளை) அழியுங்கள். பல டிவிகளில் மொத்தச் சேமிப்பிடமே 8 ஜிபி. பேரன் ஏற்றிய விளையாட்டுகளை நீக்கினாலே மூச்சு வரும். அதன் பிறகும் ஆகவில்லை என்றால் ரீசெட் செய்யுங்கள், ஆனால் எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டும் மகனிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.