வானத்தைப் படமெடுக்க எதை முதலில் வாங்குவது?

கேள்வி: என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று இருக்கிறது, கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமை விடச் சிறிய சென்சார்), அதோடு வந்த 18-55 லென்ஸ்தான் கையில் உள்ள ஒரே லென்ஸ். இரவு வானத்தைப் படமெடுத்துப் பார்த்தேன், நட்சத்திரங்கள் கோடு கோடாகவும் மங்கலாகவும் வந்தன. விசாரித்த இடத்தில் ஃபுல் ஃப்ரேம் கேமராவும், நகர வெளிச்சத்தை வடிகட்டும் ஃபில்டரும் வாங்கச் சொல்கிறார்கள். எடிட்டிங்குக்கு மாதச் சந்தா கட்டும் சாஃப்ட்வேர் இல்லாமல் முடியாது என்கிறார் நண்பர். எங்கே தொடங்குவது?

பதில்: கேமரா, ஃபில்டர், சந்தா மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். உங்கள் படத்தில் இருக்கும் இரண்டு குறைகளுமே கேமராவால் வந்தவை அல்ல.

முதலில் கோடு. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் நட்சத்திரம் இழுபடத்தான் செய்யும். எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் மில்லிமீட்டரை கிராப் அளவான 1.5-ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 500-ஐ வகுக்க வேண்டும் (கேனன் என்றால் 1.6). 18 மி.மீ.க்கு சுமார் 18 நொடி, 55 மி.மீ.க்கு வெறும் 6 நொடி. பிக்சல் நெருக்கமான சென்சார்களில் இதுவும் அதிகம், 500-க்குப் பதில் 300 போட்டுப் பாருங்கள்.

அடுத்தது மங்கல், அது அநேகமாக ஃபோகஸ் தவறு. இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியையும் நம்ப முடியாது. மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் நேரடியாகக் காட்சி பார்ப்பது) பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். பிறகு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், ஜூமைத் தொடாதீர்கள், தொட்டால் ஃபோகஸும் நகர்ந்துவிடும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள். இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை.

சரி, காசு எதில் போட வேண்டும்? டிரைபாடில். ஆடுகிற டிரைபாடில் எந்தக் கேமராவை வைத்தாலும் படம் வீண்தான். வாங்கும்போது உங்கள் கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோய் அதில் மாட்டி, தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு எழுத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு லென்ஸை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஆட்டம் ஓரிரு நொடியில் அடங்கினால் வாங்கலாம், ஊசலாடிக்கொண்டே இருந்தால் எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ரிமோட் உடனே வேண்டியதில்லை, 2 நொடி டைமர் போதும். தொடர்ந்து படமெடுக்கும் இன்டர்வெல் வசதி சில கேமராக்களில் உள்ளேயே இருக்கிறது, மெனுவில் தேடிப் பாருங்கள்.

அப்புறம் லென்ஸ். பழைய 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றே சொல்வேன் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் திறப்பு பெரிது). உங்கள் லென்ஸ் 18 மி.மீ.யில் எஃப்/3.5 வைக்கும்போது ஒளி நுழையும் வாய் சுமார் 5 மி.மீ. விட்டம். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 வைத்தால் அது 18 மி.மீ., பரப்பில் 12 மடங்கு. எக்ஸ்போஷர் நேரம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், குறைந்துவிடும் என்பது உண்மைதான், அதைப் படங்களின் எண்ணிக்கையால் ஈடுகட்டலாம். முழுவதும் திறந்து எஃப்/1.8-இல் எடுத்தால் ஓரத்து நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைத்தது போல இருக்கும், அதனால்தான் 2.8 என்கிறேன். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஃபில்டர் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். அந்த வகை ஃபில்டர்கள் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை, அதாவது 589 நானோமீட்டர் பக்கத்தை, வெட்டுவதற்காக வந்தவை. எல்இடி விளக்கின் ஒளியோ எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது, அதை வெட்டினால் நட்சத்திரத்தின் ஒளியும் சேர்ந்தே போகும். நான் வாங்கியபோது எந்த விளக்குக்கு எது பயன்படும் என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் காசுக்கு இருட்டான இடங்களுக்குப் பல முறை போய் வந்திருக்கலாம். நெபுலா எனும் விண்வெளி வாயு மேகத்தின் சிவப்பு, பச்சை ஒளியை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர்கள் வேறு ரகம், அவை எல்இடி வெளிச்சத்திலும் உதவும். ஆனால் அவற்றுக்கு நிமிடக் கணக்கில் எக்ஸ்போஷர் வேண்டும், வானத்தின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல் நடக்காது. சாதாரணக் கேமராக்களின் சென்சார் முன் இருக்கும் கண்ணாடி, ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதும் நினைவிருக்கட்டும்.

சாஃப்ட்வேருக்கு வருகிறேன், படம் பிறப்பதே இங்கேதான். நீங்கள் பார்த்து மயங்கும் படங்களில் பெரும்பாலானவை ஒரே கிளிக்கில் எடுத்தவை அல்ல. ஒரே இடத்தைப் பல பத்துப் படங்களாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள், அதைத்தான் ஸ்டாக்கிங் என்பது. இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகள், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் குறையும்: 16 படம் அடுக்கினால் கால்வாசி, 100 படம் அடுக்கினால் பத்தில் ஒன்று. விண்டோஸ் என்றால் டீப்ஸ்கைஸ்டேக்கர், சீக்வேட்டர் இரண்டும் இலவசம், மரம் மலை எல்லாம் சேர்ந்து வரும் படத்துக்கு சீக்வேட்டர் வசதி. சிரில் என்பது மேக், லினக்ஸிலும் ஓடும், அதுவும் இலவசம், நகர வெளிச்சம் ஒரு பக்கமாகப் படர்ந்திருப்பதை நீக்கும் கருவி அதற்குள்ளேயே உண்டு. கடைசித் திருத்தங்களுக்கு கிம்ப் போதும். 8 பிட்தான் தாங்கும் என்று அதைக் குறை சொன்னது ஒரு காலம், 2018-இல் வந்த 2.10 பதிப்போடு அது தீர்ந்துவிட்டது.

படத்தை, கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாகவே எடுங்கள். 14 பிட் ராவில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256 மட்டும். மங்கலான ஒளியை இழுத்து வெளிக்கொண்டு வரும்போது இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். முடித்துக் கிளம்பும் முன் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே எக்ஸ்போஷர் நேரம், அதே ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு) இருபது படம் எடுத்துக்கொள்ளுங்கள், இவைதான் டார்க் ஃப்ரேம், சென்சாரின் சூடான புள்ளிகளைக் கழிக்க உதவும். வீட்டுக்கு வந்து எடுத்தால் வெப்பநிலை மாறிப் பலன் குறையும்.

கேள்வி: 400 மடங்கு பெரிதாக்கும் 60 மி.மீ. டெலஸ்கோப் ஒன்று கேமரா மாட்டும் வளையத்தோடு வருகிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 2 மடங்குதான் உருப்படியாகக் கிடைக்கும், 60 மி.மீ.க்கு 120. அதற்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டுமே. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வானத்தில் சுமார் 3 டிகிரி நீளம், ஆறு முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலம். அது கண்ணுக்கு எளிதில் தெரியாமல் போவது சின்னதாக இருப்பதால் அல்ல, மங்கலாக இருப்பதால், அதற்கு உங்கள் 50 மி.மீ. லென்ஸே நல்ல தொடக்கம்.

கேள்வி: அப்படியானால் டிராக்கர் எப்போது வாங்குவது?

பதில்: நூறு படம் அடுக்கியும் போதவில்லை என்று நீங்களே உணரும்போது. 6 நொடி 2 நிமிடமாக நீளும், புதுக் கேமராவை விட அது பெரிய தாவல். வாங்கும் முன் கேமராவையும் லென்ஸையும் எடைபோட்டு, டிராக்கர் தாங்கும் எடையில் பாதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். அதன் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையப் புள்ளியை, நோக்கி நிற்க வேண்டும், துருவத்தின் உயரமோ நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துருவம் தொடுவானத்தை ஒட்டி இருக்கும், அவ்வளவு தாழ்வாகச் சாயுமா என்று அடித்தட்டின் கோண அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.