பால்கனி யாருக்கு?

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். அடுத்த கோடையில் குடும்பத்தோடு மத்தியதரைக் கடலில் ஏழு இரவு க்ரூஸ் கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, 13 வயது மகள், 71 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார்.

இரண்டு பயணங்களை எக்செலில் போட்டு ஒப்பிட்டேன், அட்டவணையை இணைத்திருக்கிறேன். இரண்டுமே ஜெனோவாவில் ஏறி ஜெனோவாவில் இறங்குவது. முதலாவதில் மார்செய், பார்சலோனா, பால்மா, காலியரி, பலேர்மோ, ரோம் என்று ஆறு துறைமுகங்கள். இரண்டாவதில் நேப்பிள்ஸ், மெசினா, மால்டா, பார்சலோனா, மார்செய் என்று ஐந்துதான். ஒரு நாள் முழுக்கக் கடலிலேயே வீணாகிறது. அதற்கு ஆளுக்கு 90 யூரோ அதிகம் வேறு. ஒரு துறைமுகத்துக்கு என்ன செலவு என்று வகுத்துப் பார்த்தால் முதலாவதுதான் லாபம்.

முதலாவதில் பால்கனி அறை ஆளுக்கு 980 யூரோ, ஜன்னல் இல்லாத உள்ளறை 690. நானும் மனைவியும் பால்கனியிலும், அம்மாவும் மகளும் எதிரே உள்ளறையிலும் தங்குவதாகத் திட்டம். அம்மா தூங்கத்தானே அறைக்குப் போகப்போகிறார்.

ஒரே தொகை கட்டிப் பயணம் முழுக்கக் குடிக்கும் பானத் திட்டம் வாங்கலாமா? ஊழியர்களுக்காகத் தினமும் பில்லில் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜை வரவேற்பு மேசையில் சொல்லி நீக்கிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? விமானம் தவிர்த்து 5000 யூரோவுக்குள் முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும். தொடர்ந்து வாசியுங்கள்.

கொஞ்ச நாளாகவே எனக்கு வரும் பயணக் கடிதங்களில் எல்லாம் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. இத்தனை நாளில் இத்தனை நாடு, ஒரு நாட்டுக்கு இவ்வளவு. யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தபோது உங்கள் அட்டவணை வந்தது. நல்ல அட்டவணைதான், குறை சொல்லவில்லை. கப்பலுக்கு முந்தைய இரவு ஜெனோவாவில் தங்கும் செலவைக்கூடப் போட்டிருக்கிறீர்கள். காலை விமானத்தை நம்பிப் போய் கப்பலைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் 'ஒரு துறைமுகத்துக்கான செலவு' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் அழித்துவிடுங்கள். பக்கத்தை எண்ணிப் புத்தகம் வாங்குகிற வேலை அது.

ரோமையே எடுத்துக்கொள்வோம். கப்பல் ரோமுக்குப் போகாது. அது நிற்கிற இடம் சிவிதாவேக்கியா. ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஏழு மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் என்று தோன்றும். கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டி, ஆட்களை இறங்க விடவே நேரமாகும். அப்புறம் துறைமுகத்துக்குள் ஒரு ஷட்டில் பஸ், அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பஸ், அப்புறம் ரயில். திரும்பும்போதும் இதே. கிளம்புவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். கூட்டிக் கழித்தால் ரோமில் கையில் நிற்பது ஆறு மணி நேரம். அதையும் கருங்கல் பதித்த தெருவில், கோடை வெயிலில், முழங்கால் வலியோடு ஒருவர் நடக்க வேண்டும். மூன்று மணி ஆனதும் நீங்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். சொந்தமாகப் போய்த் தாமதித்தவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா தாமதித்தால் நிற்கும். அந்த நிம்மதிக்குத்தான் ரோம் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 100 யூரோவும் அதற்கு மேலும் வாங்குகிறார்கள்.

இது ரோமோடு நிற்கவில்லை. விளம்பரத் தாளில் பிளாரன்ஸ் என்றிருந்தால் கப்பல் நிற்பது லிவோர்னோவில். பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர், பாரிஸிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெர்லின் என்றால் பால்டிக் கரையிலிருக்கும் வார்னமுண்டே, போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், துறைமுகத்தின் பெயர் சின்னதாகப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் க்ரூஸ் வாங்கவே கூடாது.

இப்போது நீங்கள் ஒதுக்கிய இரண்டாவது பயணத்தைப் பாருங்கள். நேப்பிள்ஸில் கப்பல் நிற்பது காஸ்தெல் நுவோவோ கோட்டைக்கு எதிரே. இறங்கிச் சாலையைக் கடந்தால் ஊர். மெசினாவில் கப்பலிலிருந்து பேராலயம் சற்று நடந்தால் வந்துவிடும். அதன் மணிக்கூண்டில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் செய்த ஒரு பெரிய இயந்திரக் கடிகாரம் 1933-லிருந்து இருக்கிறது. நண்பகலில் மேலேயிருக்கும் சிங்கம் தலையாட்டிக் கர்ஜிக்கும், சேவல் கூவும். பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால் போய் அம்மாவுக்கு உட்கார ஓர் இடம் பிடித்துவிடுங்கள். மால்டாவில் கப்பல் தலைநகர் வலெட்டாவின் மதிலுக்குக் கீழேயே நிற்கும். கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் 58 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும் பராக்கா மின்தூக்கி. ஒரு நிமிஷம்கூட ஆகாது, மேலே போனால் தோட்டமும் நிழலும், துறைமுகம் முழுவதும் தெரியும் காட்சியும்.

இரண்டாவது பயணத்துக்கு நான்கு பேருக்கும் சேர்த்து அதிகம் கொடுப்பது 360 யூரோ. ரோமுக்குச் சுற்றுலா பஸ்ஸில் நான்கு பேர் போய்வந்தால் அதைவிடக் கூட. உங்கள் அட்டவணையில் இது இல்லை, ஏனென்றால் கரைச்செலவை எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே தொகையாகப் போட்டிருக்கிறீர்கள்.

கடலில் 'வீணாகும்' நாள். சரி, இதற்கு வருகிறேன்.

என் அத்தை ஒருவர் இருந்தார். அவருக்கும் முழங்கால்தான். நாங்கள் ஒரு கூட்டமாக இதே கடலில் போனோம். அவருக்கு அவர் மகன் பால்கனி அறை எடுத்துக்கொடுத்திருந்தான். நேப்பிள்ஸில் நாங்கள் எல்லோரும் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்தைப் பார்க்க ஓடினோம், அத்தை வரவில்லை. சாயங்காலம் புழுதியோடு, பஸ்காரனைத் திட்டிக்கொண்டு திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தால், எங்களில் ஒருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அத்தைக்கு மட்டும் ஓயாத பேச்சு. "டேய், ஓடுற கப்பல்ல ஒருத்தன் ஏணியைப் பிடிச்சு ஏறுறான்டா. விழுந்தா என்ன ஆகும்?"

அவர் பார்த்தது பைலட்டை. துறைமுகத்துக்குள் நுழையுமுன் அந்த ஊர்க் கடலை அறிந்த வழிகாட்டி ஒருவர் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறுவார். கப்பல் நிற்காது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறக்கும். கயிற்றேணி தொங்கும். படகு கப்பலோடு உரசுகிற மாதிரி நெருங்கும். இரண்டும் வேறு வேறு தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகு அலைமேல் எழும்புகிற கணம் பார்த்து அந்த ஆள் ஏணிக்குத் தாவுவார். அடுத்த நொடி படகு விலகிவிடும். கப்பலுக்குள் இருந்த ஆயிரக்கணக்கான பேர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் ஒரு விடியலையும் அவர் விடவில்லை. படகு மறுபக்கம் வந்துவிட்டால் முகம் வாடிவிடும். பகலில் கப்பல் காலியானதும் வேறு காட்சிகள். எண்ணெய்ப் படகு ஒட்டி நின்று தடிமனான குழாயில் எரிபொருள் ஏற்றுவது. கப்பல் ஊழியர்கள் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகுகளை இறக்கி, துறைமுகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டி, மறுபடி ஏற்றும் பயிற்சி. அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடல். கரை கண்ணில் படவேயில்லை. எங்கள் ஆட்கள் நீச்சல்குளத்தில் நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். அத்தை அன்று பேசவே இல்லை. சாப்பிடக் கூப்பிடப் போனவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், தண்ணீரின் நிறம் காலையிலிருந்து எத்தனை முறை மாறியது என்று காட்டினார். நானும் உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாடு போயிற்று.

கப்பல் பயணம் என்று நாம் காசு கொடுப்பது இதற்கு. நகரங்கள்தான் வேண்டுமென்றால் ஐரோப்பாவில் அருமையான ரயில்கள் ஓடுகின்றன, ஊர் நடுவிலேயே கொண்டுபோய் இறக்குகின்றன. தினம் ஒரு துறைமுகம், தினம் ஓட்டம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது இரவில் ஆடுகிற ஒரு ஹோட்டல்தான்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அம்மா தூங்கத்தானே போகிறார்! எஸ்., கப்பலில் அறையில் அதிக நேரம் இருக்கப்போவது யார்? நீங்களும் உங்கள் மனைவியும் ஊர் சுற்றுவீர்கள், மேல்தளத்தில் உட்காருவீர்கள், இரவு நிகழ்ச்சிக்குப் போவீர்கள். கால் வலித்தால் அம்மா எங்கே போவார்? ஜன்னல் இல்லாத அறைக்கு. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத அறைக்கு. உங்கள் பால்கனியோ பூட்டிக் கிடக்கும். வயதானவர்கள் அனுபவிப்பதற்கு ஏதுவான பயணம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் இதுதான். அவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும், ஊர்கள் தாமே வந்து போகும். அந்த வசதியை வாங்கிவிட்டு, அதிலிருந்து அவரை மட்டும் சுவருக்குள் வைக்கிறீர்கள்.

திட்டிவிட்டேன். ஆனால் அம்மாவை விட்டுவிட்டுப் போகலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையே. முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு கடலேற நினைக்கிற மகன்கள் குறைவு. அந்த நல்ல மனசைப் பாதியில் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வழி சுலபம், ஒரு காசுகூட அதிகமாகாது. அறையை மாற்றுங்கள். பாட்டியும் பேத்தியும் பால்கனியில், நீங்கள் இருவரும் உள்ளறையில். இருட்டு உங்களுக்கு நல்லது, நன்றாகத் தூக்கம் வரும். இரண்டுமே பால்கனி என்றால் 580 யூரோ கூடும். முடிந்தால் எடுங்கள்.

எந்த அறை என்பதையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். அறை எண்ணைக் கம்பெனியே பிறகு ஒதுக்கும் மலிவுச் சீட்டு ஒன்று உண்டு. அது தனியாளுக்குச் சரி, உங்களுக்கு ஆகாது. இன்றைய பெரிய கப்பல்கள் 300 மீட்டரைத் தாண்டுகின்றன. முன்கோடியில் அறை, பின்கோடியில் சாப்பாடு என்றால் அம்மாவுக்கு ஒவ்வொரு வேளையும் ஒரு யாத்திரை. நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அருகில், கூடியவரை கீழ்த்தளத்தில் பாருங்கள். அங்கே ஆட்டமும் குறைவு. பால்கனிக்கு நேர் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று தள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ். நீக்கச் சொல்லிக் கேட்கலாம், சில கம்பெனிகள் நீக்கவும் நீக்கும். நீங்கள் கேட்காதீர்கள். கப்பல் ஊழியரின் வேலை நேரத்துக்குச் சர்வதேச உடன்படிக்கை வைத்திருக்கும் உச்சவரம்பே நாளுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம். உங்கள் படுக்கையை விரிப்பவரிடம் மிச்சம் பிடித்து நீங்கள் கோட்டை கட்டப்போவதில்லை. கட்டணத்தை ஒப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும். அய்டா, மைன் ஷிஃப் போன்ற ஜெர்மன் கப்பல்களிலும் பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்களிலும் இது கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும்.

இனி கணக்கு. முதலாவது பயணத்துக்கு நான்கு பேருக்கும் 3340. இரண்டாவது என்றால் 3700. சர்வீஸ் சார்ஜ் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 யூரோ என்று வைத்தால் 336. இரண்டாவதை எடுத்தாலும் 5000-இல் மீதி இருக்கும் 960 சொச்சத்தில் ஜெனோவா இரவு, காப்பீடு, கரைச்செலவு. அம்மாவின் வயதைச் சொல்லி, கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். கப்பல் மருத்துவர் இலவசம் அல்ல. கடலில் இருக்கும்போது போனை ஏர்பிளேன் மோடில் வைத்துவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்புக்கு வெளிநாட்டில் போன் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ரோமிங் விதிகள் செல்லாது, பில் வந்தால் அழுவீர்கள். ஆகஸ்ட் வேண்டாம், பள்ளி அனுமதித்தால் ஜூன் தொடக்கம்.

பானத் திட்டம் வேண்டாம். ஒரு அறையில் ஒருவர் எடுத்தால் அதே அறையிலுள்ள மற்றப் பெரியவரும் எடுக்க வேண்டும் என்பது பல கம்பெனிகளின் விதி. பஃபேயில் தண்ணீரும் டீயும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

ஒன்று மட்டும். முன்பதிவு செய்யும்போதே அம்மாவின் பெயரையும் மகளின் பெயரையும் பால்கனி அறையில் போடுங்கள். ஏறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், மாற்ற மாட்டீர்கள். அம்மாவே வேண்டாம் என்பார்.